நடுங்கும் ஸ்டியரிங்கும் நாவைக் கட்டிய காசும்

 

அமானிதம் என்றதும் அண்டை வீட்டார் நம்மிடம் கொடுத்து வைக்கும் நகையும், ஹஜ்ஜுக்குச் செல்பவர் ஒப்படைத்துப் போகும் பணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இன்று நம் இளைஞர்கள் பலரின் சட்டைப் பையில் நாள்தோறும் ஓர் அமானிதம் கிடக்கிறது. அதுதான் கம்பெனிக் காரின் சாவி. கார் அவர்களுடையதன்று, அதில் பயணம் செய்வோரின் உயிரும் அவர்களுடையதன்று. ஆயினும், இரண்டும் அவர்களின் இரு கைகளில் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

இதனைச் சிந்திக்க வைத்தது, தோல் தொழிலில் பெயர்பெற்ற வட மாவட்ட நகரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுள்ளார். அவருடைய கணவர் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் காரோட்டி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் முதலாளியையும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களையும் விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும், அழைத்து வருவதும் அவர் பணி.

சென்ற மாதம் காருக்கு நான்கு புதிய டயர்கள் மாற்றப்பட்டன. கடையைத் தேர்ந்தெடுத்ததும், ரசீது வாங்கி வந்ததும் அவரே. மறுநாள் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. 100-ஐ நெருங்கியபோது நடுக்கம் வலுத்தது. கடைக்காரரிடம் சென்று முறையிட்டார். “புது டயர் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. இன்றுவரை சரியாகவில்லை. மேலாளரிடமும் அவர் சொல்லவில்லை. யாரும் அறியாதபடி 70 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டி வருகிறார். மனைவி கேட்டால், “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்கிறாராம்.

ஏன் சொல்லவில்லை? மடலின் இறுதியில் அந்தச் சகோதரி தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் செய்தி இது: டயர் மாற்றிய அன்று கடைக்காரர் அவர் கையில் 800 ரூபாயை, ‘டீச் செலவுக்கு’ என்று திணித்திருக்கிறார். இப்போது குறையைச் சொன்னால் அந்தப் பணத்தின் கதையும் வெளியாகும். மலிவான சரக்கை வாங்கி மாட்டிவிட்டார் என்ற பழியும் வரும். செலவையும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். அடுத்த வாரம் அவர் விடுப்பில் செல்கிறார். அப்போது அதே காரை வேறொருவர் ஓட்டுவார். அவருக்கு இந்த நடுக்கம் பற்றி எதுவும் தெரியாது.

“இது ஆபத்தானதா? என் கணவர் சொல்லித்தான் ஆகவேண்டுமா? செலவு அவர் தலையில் விழுமா?” இவையே சகோதரியின் மூன்று வினாக்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எடையில் ஒரு குறை

முதல் வினாவுக்கு விடை கூற மார்க்கக் கல்வி மட்டும் போதாது. எந்தத் துறையானாலும் அதனை அறிந்தவரிடம் கேட்பதே முறை. எனவே, எங்கள் மஹல்லாவில் பல்லாண்டுகளாகச் சக்கரப் பணி செய்துவரும் சகோதரர் ஒருவரை அணுகினேன். “ஹஜ்ரத், வேகம் கூடும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முதலில் எடையைத்தான் பார்க்க வேண்டும்” என்றார்.

டயரும் ரிம்மும் நம் கண்ணுக்கு ஒழுங்கான வட்டமாகத் தெரிந்தாலும், அவற்றின் எடை சுற்றிலும் ஒரே சீராக அமைவதில்லை. ஓரிடத்தில் சில கிராம் கூடுதலாக இருக்கும். நிற்கும் காரில் அது ஒரு பொருட்டன்று. ஆனால், நடுத்தரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் சக்கரம் ஒரு நொடியில் ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. அப்போது ரிம்மின் விளிம்பிலுள்ள வெறும் 20 கிராம் கூடுதல் எடை, சக்கரத்தை ஏறத்தாழ 3 கிலோ எடையின் வலிமையோடு வெளிப்புறம் இழுக்கிறது. இந்த இழுப்பு ஒரு நொடியில் 15 முறை திசை மாறிச் சுற்றிவருகிறது. வேகம் பாதியானால் இந்த விசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது நடுக்கம் தெரியாமல், நெடுஞ்சாலையில் மட்டும் தெரிவது இதனால்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் ஆட்டம் பெருகும் அல்லவா? அவ்வாறே, சக்கரத்தின் சுழற்சி காரின் அடிப்பகுதி இயல்பாக அதிரும் கதிக்கு இசைந்துவிடும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை அடைகிறது. அதனைத் தாண்டினால் சற்றுத் தணியவும் கூடும். ‘110-இல் ஆட்டம் நின்றுவிடுகிறது’ என்று எண்ணிச் சிலர் மேலும் விரட்டுவார்கள். ஆட்டம்தான் மறைகிறது, குறை நீங்குவதில்லை.

எடையின் சமநிலை என்பது நம் சமுதாயத்துக்குப் புதிய பாடமன்று. மர்வ் நகரில் வாழ்ந்த அறிஞர் அல்காஸினி அவர்கள், கி.பி. 1121-ஆம் ஆண்டளவில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் பெருநூலை எழுதினார்கள். தராசின் இயல்பு, ஈர்ப்பு மையம், உலோகத்தில் கலப்படம் காணும் முறை ஆகியவை அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் வானத்தின் உயர்வோடு தராசையும் சேர்த்துப் பேசுகிறது. 83-ஆம் அத்தியாயமோ அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றி எடை பார்க்கும் தொழிலாளியும் ஒரு வகையில் தராசு பிடிப்பவரே.

எங்கே தேடுவது?

புதிய டயருக்குப் பின் ஸ்டியரிங் நடுங்கினால் பார்க்க வேண்டியவற்றை அச்சகோதரர் வரிசையாகக் கூறினார். வாகனம் வைத்திருக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் இவை பயன்படும்.

முதலாவதாக, வீல் நட்டுகள். ஏதேனும் ஒன்று தளர்ந்திருந்தால் சக்கரமே கழன்று ஓடக்கூடும். ஆகவே, காரை மேலும் ஓட்டும் முன் இதனை உடனே பார்த்துவிட வேண்டும். நட்டுகளை வட்ட வரிசையில் முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குவதே சரியான முறை. காற்றழுத்த இயந்திரத்தால் கண்மூடித்தனமாக முடுக்கினால் சில நட்டுகள் மிகையாகவும், சில குறைவாகவும் இறுகும். காரின் கையேட்டில் எவ்வளவு முறுக்கு வேண்டும் என்று குறித்திருப்பார்கள். அளவு காட்டும் ஸ்பேனரால் அந்த அளவுக்கு இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபார்ப்பது நல்லது.

இரண்டாவதாக, டயரைக் கண்ணால் பார்த்தல். பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டர் கூடச் செல்லலாகாது. டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அக்கோடு ரிம்மின் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக அமரவில்லை என்பது பொருள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநரின் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்றழுத்தம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, பேலன்சிங். ரிம்மில் ஒட்டியுள்ள பழைய எடைகளையும் சேற்றையும் அகற்றிய பிறகே சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். உட்புறம், வெளிப்புறம் ஆகிய இரு பக்கத்துக்கும் இயந்திரம் தனித்தனியே எடை காட்டும். எடை ஒட்டியபின் மீண்டும் ஒருமுறை சுழற்றி, இரு பக்கமும் சுழியம் காட்டுவதை நேரில் பார்த்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. ஒட்டும் எடைகள் ஈரத்தாலோ அழுக்காலோ பிடிப்பின்றி மறுநாளே விழுந்துவிடுவதும் உண்டு.

நான்காவதாக, ரிம் அமரும் ‘ஹப்’ என்னும் பகுதி. அங்கே துரு படிந்திருந்தாலும், மண் துகள் சிக்கியிருந்தாலும் சக்கரம் மயிரிழை சாய்ந்து அமரும். இயந்திரத்தில் சுழியம் காட்டிய சக்கரம் காரில் ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தாலே பல கார்களில் நடுக்கம் நின்றுவிடும்.

இவ்வளவு செய்தும் நீங்காவிட்டால், முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றிப் பார்க்க வேண்டும். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு மாறினால் குறை அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது. ரிம் பள்ளத்தில் விழுந்து வளைந்திருக்கலாம். அல்லது டயரே வட்டம் தவறிப் பிறந்திருக்கலாம். அத்தகைய டயரை உத்தரவாதத்தின்படி மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். மாற்றிய பின்னும் ஸ்டியரிங்கே நடுங்கினால் டை ராடு, பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பெரும்பாலும் குறை பிரேக் டிஸ்க்கில் இருக்கும். கார் ஒரு பக்கமாக இழுத்துச் சென்றால் அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருக்கலாம். பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைச் செய்து பணம் வாங்கும் கடைகளும் இருக்கின்றன.

அப்படியானால், ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்பது முழுப் பொய்யா? அன்று. நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர் தரையைத் தொட்ட பகுதியில் சற்றே தட்டையாகி, ஓடிச் சூடானதும் சீராகிவிடும். புதிய டயரின் மேற்பரப்பில் உள்ள வழுவழுப்பும் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துபோகும். ஆனால், ஒரு மாதம் ஓடிய பின்னும் அதே வேகத்தில் அதே நடுக்கம் தோன்றுமானால், அது ஓடிச் சரியாகும் குறையன்று. ஓட ஓட டயர் திட்டுத்திட்டாகத் தேயும். பேரிங்கும் ஸ்டியரிங் இணைப்புகளும் உழலும்.

ஆகவே, சகோதரியின் முதல் வினாவுக்கு விடை: பெரும்பாலும் சில கிராம் எடையால் தீரக்கூடிய சிறு குறையாக இது இருக்கலாம். ஆனால், தளர்ந்த நட்டும், உள்ளே பிளவுபட்ட டயரும் இதே நடுக்கத்தின் வாயிலாகத்தான் முதலில் பேசுகின்றன. பிரித்துப் பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல இயலாது. 70-இல் ஓட்டுவது கைக்குத்தான் ஆறுதல், நட்டுக்கு அன்று.

‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்ற சொல் உண்மையே. எனினும், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என வினவிய மனிதரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. நட்டை முடுக்கிய பிறகு வைக்கும் நம்பிக்கையே தவக்குல்.

சொல்லித்தான் ஆகவேண்டுமா?

ஆம். அடுத்த ஓட்டுநர் சாவியைத் தொடும் முன் சொல்லியாக வேண்டும்.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, அவர்களிடம் கண்ட இரண்டு பண்புகளைக் குறிப்பிட்டதாக ‘அல்கஸஸ்’ அத்தியாயம் கூறுகிறது. ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகத்தன்மை. கூலிக்கு அமரும் எவருக்கும் இவை இரண்டும் வேண்டும். காரை 70-இல் நிறுத்தி நடுக்கத்தை அடக்கத் தெரிந்தது அந்தச் சகோதரரின் திறமை. அதனை மேலாளரிடம் சொல்லியிருந்தால் நம்பகமும் அதனோடு சேர்ந்திருக்கும்.

தமக்குத் தெரிந்த குறையை மறைத்து, தெரியாத ஒருவர் கையில் அதே காரைக் கொடுப்பது கடுமையான செயல். ஈரமான தானியத்தை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியிருந்த வியாபாரியின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மழைக்காக அவர் கண்டிக்கப்படவில்லை. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காகவே கண்டிக்கப்பட்டார். டயர் நடுங்குவது ஓட்டுநரின் குற்றமன்று. அதனை அடியில் புதைத்து வைப்பதே குற்றம்.

செலவு யார் தலையில்?

இங்கே சகோதரிக்கு ஆறுதல் தரும் செய்தி உண்டு. ஊதியத்துக்கு அமர்ந்த ஊழியரின் கையில் உள்ள முதலாளியின் பொருள் அமானிதமாகவே கருதப்படும். அவருடைய அத்துமீறலோ அலட்சியமோ இன்றி அதற்குச் சேதம் நேர்ந்தால், ஈடு கொடுக்கும் பொறுப்பு அவர்மீது விழாது. நல்லெண்ணத்தோடு கடையைத் தேர்ந்தெடுத்தார். கடையின் வேலையில் குறை இருந்தது என்றால், அவர் பொறுப்பாளி அல்லர். குறையுள்ள சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு ஷரீஅத்தில் உண்டு. ஆகவே, சரிசெய்து தர வேண்டியது கடைக்காரரின் கடமை.

ஆனால், குறையை அறிந்தும் வாய்மூடி இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. அதுவே அலட்சியம். எந்த நஷ்டத்துக்கு அஞ்சி மறைக்கிறாரோ, அந்த நஷ்டத்தின் பொறுப்பை மறைப்பதன் மூலமே தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

அந்த 800 ரூபாய்? ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது பொதுவுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பர் மீதேறிக் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. இந்தச் சகோதரர் கம்பெனிக் காரோட்டியாக இல்லாதிருந்தால் டயர் கடைக்காரர் அவருக்கு 800 ரூபாய் கொடுத்திருப்பாரா? அப்பணம் கம்பெனிக்கு உரிய தள்ளுபடியே. பழைய நான்கு டயர்களுக்குக் கடையில் ஏதேனும் விலை கிடைத்திருந்தால் அதுவும் கம்பெனிக்கே சேரும்.

அந்தப் பணம் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். கடைக்காரரிடம் உரிமையோடு வாதாட வேண்டிய நாவை அது கட்டிவிட்டது. மேலாளரிடம் உண்மை பேச வேண்டிய நாவையும் கட்டிவிட்டது. இருபது கிராம் எடை சக்கரத்தை ஆட்டுகிறது என்றால், 800 ரூபாய் ஒரு நல்ல மனிதரின் மனத்தை ஒரு மாதமாக ஆட்டிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது

சகோதரியே! நாளைக் காலையிலேயே உங்கள் கணவர் ரசீதையும் அந்த 800 ரூபாயையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் செல்லட்டும். பணம் செலவாகியிருந்தால் அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி அவரே முந்திச் சொல்லட்டும். எந்த வேகத்தில், எந்த நாள் முதல் நடுக்கம் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள அளவு ரசீதோடு ஒத்திருப்பதையும், நான்கு இலக்கத் தேதியையும் காட்டட்டும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மலிவான பழஞ்சரக்கு என்ற ஐயத்தைத் தீர்க்க இவை துணைபுரியும். குறை தீரும்வரை அந்தக் கார் நெடுஞ்சாலைக்குச் செல்லாதிருக்கட்டும்.

வேலை போய்விடுமோ என்ற அச்சம் எளிதானதன்று. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த அச்சத்துக்குள் இருக்கின்றன என்பதை அறிவேன். அவரைக் கடிந்துகொள்ளாமல், “நான் உங்களுடன் இருக்கிறேன்” என்று நீங்கள் சொல்லி அனுப்புங்கள். ஒரு மாதமாக அவர் தனியே சுமந்த பாரம் அதிலேயே பாதி இறங்கிவிடும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஓட்டுநர் குறையைச் சொல்ல வரும்போது முதல் கேள்வியாக ‘யார் செய்த தவறு?’ என்று கேட்காதீர்கள், ‘எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள். உண்மை சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த நடுக்கத்தை எவரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். அந்தக் காரின் பின்னிருக்கையில் அமர்பவர் நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தாம்.

டயர் கடை நடத்தும் சகோதரர்களே! ஓட்டுநரின் கையில் திணிக்கும் தொகையை ரசீதில் தள்ளுபடியாக எழுதிவிடுங்கள். உங்கள் இயந்திரம் காட்டும் சுழியம், மறுமையின் தராசிலும் உங்களுக்குச் சாட்சியாக நிற்கட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் கைகளில் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் குறையின்றிச் சேர்ப்பிக்கும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! சாலைகளில் செல்லும் நம் சகோதரர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.